அட்ரினல் சுரப்பி "களைத்துவிட்டது" என்கிறார்கள். ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை எடுக்கலாமா?

கயல்_திருப்பூர் | ஞாயிறு, இரவு 11:20

வணக்கம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 38. ஷிப்மென்ட் நெருங்கினால் ஐரோப்பாவில் இருக்கும் பையரோடு பேசி முடிக்க இரவு 11 ஆகிவிடும். பேசி முடித்த பிறகும் தூக்கம் வருவதில்லை. காலையில் அலாரம் அடித்தால் உடம்பு படுக்கையை விட்டு வராது. மதியம் 3 மணிக்கு லேப்-டிப் (சாயம் தோய்த்த மாதிரித் துணி) துண்டுகளை வெளிச்சத்தில் வைத்து நிறம் பார்க்கும்போதே கண் சொருகுகிறது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஐந்து மாதமாக இப்படித்தான்.

தோழி சொல்லி ஒரு வெல்னஸ் சென்டருக்குப் போனேன். ஒரே நாளில் நான்கு முறை எச்சில் எடுத்துச் சோதித்துவிட்டு, "மன அழுத்தத்தால் உங்கள் அட்ரினல் சுரப்பி களைத்துவிட்டது, மூன்றாம் கட்டம்" என்றார்கள். வைட்டமின் சி 1000 மி.கி., வைட்டமின் ஈ 400 அலகு, ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் (இவை ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது ஆக்சிஜனால் வரும் சேதத்தைத் தடுப்பவையாம்), பயோட்டின் கலந்த ஒரு மல்டிவைட்டமின், அப்புறம் விலங்குகளின் அட்ரினல் சுரப்பியிலிருந்து எடுத்த கேப்சூல் ஒன்று. மாதம் 6,800 ரூபாய். 12 நாள் சாப்பிட்டாயிற்று. பெரிய மாற்றம் தெரியவில்லை.

என் கேள்வி இரண்டு. மன அழுத்தத்தால் சுரப்பி உண்மையிலேயே களைத்துப் போகுமா? இந்த மாத்திரைகள் அதைத் தேற்றுமா?

இரவுப்பணி_செவிலி | ஞாயிறு, இரவு 11:52

கயல் அக்கா, எனக்கும் இதே பெயரைத்தான் சொன்னார்கள். நான் வாங்கவில்லை, கையில் காசில்லை என்பதுதான் காரணம். டாக்டர்கள் யாராவது வந்து சொன்னால் எனக்கும் உதவும்.

மதுரை_சுரப்பி_மருத்துவர் | திங்கள், காலை 6:40

கயல், உங்கள் களைப்பு உண்மை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "எல்லாம் மனசுதான்" என்று அனுப்பப்பட்டவர்கள்தான் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போய்ச் சேர்கிறார்கள். அந்தக் களைப்புக்கு ஒட்டியிருக்கிற பெயர்தான் தவறு. "அட்ரினல் ஃபெடீக்" (அட்ரினல் களைப்பு) என்ற சொல்லை 1998-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் வில்சன் என்பவர் உருவாக்கினார். நாளமில்லாச் சுரப்பி மருத்துவத்தில் அப்படி ஒரு நோய் இல்லை. 2016-இல் பிரேசிலைச் சேர்ந்த கடேஜியானி, காட்டர் இருவரும் 58 ஆய்வுகளை எடுத்து அலசினார்கள். களைத்தவர்களிடம், அட்ரினல் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் குறைந்திருக்கிறது என்று நிலையாகக் காட்ட அவற்றால் முடியவில்லை.

சுரப்பி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி போல ஒவ்வொன்று, எடை 4, 5 கிராம். உள்பகுதி அட்ரினலினைத் தரும். தெருநாய் துரத்தும்போது நெஞ்சு படபடப்பது அதனால்தான். வெளிப்பட்டை கார்டிசால் தரும், அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். ஆனால் வெளிப்பட்டை தானாக எதையும் முடிவு செய்வதில்லை. மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும், பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அனுப்பும், அது வந்து தட்டினால்தான் கார்டிசால் வரும். வந்த கார்டிசால் மூளைக்கே திரும்பிப் போய் "போதும்" என்று சொல்லும்.

மன அழுத்தம் நீடித்தால் ஏசிடிஎச் ஓயாமல் தட்டும். அப்போது சுரப்பி வற்றுவதில்லை, பருக்கிறது. கெடுவது தாளம்தான். கார்டிசால் விடியலையொட்டி உச்சத்துக்குப் போய், நள்ளிரவில் தரைக்கு இறங்க வேண்டும். இரவு 11 மணிக்கு விளக்கொளியில் உட்கார்ந்து விலை பேசுகிற உடம்பில் அந்த ஏற்ற இறக்கம் மழுங்கிப் போகும். தூக்கம், பசி, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் அதோடு சேர்ந்து தடுமாறும். சுரப்பிக்கு டானிக் கொடுத்து இதைச் சரிசெய்ய முடியாது.

சரி, உங்களிடம் சில கேள்விகள். எடை குறைந்திருக்கிறதா? வாந்தி, எழுந்து நின்றால் தலைசுற்றல்? உப்பு, ஊறுகாய் மேல் திடீர் ஆசை? உள்ளங்கை ரேகை, ஈறு கறுத்திருக்கிறதா? வலிக்கோ, மூச்சிரைப்புக்கோ, தோலுக்கோ ஸ்டீராய்டு (கார்டிசால் போல வேலை செய்யும் மருந்து) எடுத்ததுண்டா? மாதவிடாயில் ரத்தப்போக்கு எப்படி?

மாரத்தான்_கோவை | திங்கள், காலை 9:15

டாக்டர் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் வைட்டமின் சி விஷயத்தில் மாற்றுக் கருத்து உண்டு. நான் ஆறு வருடமாக நெடுந்தூரம் ஓடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் 90 கிலோமீட்டர் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் ஓடியவர்களிடம் செய்த ஆய்வு 2001-இல் வந்தது. தினம் 1500 மி.கி. எடுத்தவர்களுக்கு ஓட்டம் முடிந்ததும் கார்டிசாலும் அட்ரினலினும் மற்றவர்களைவிடக் குறைவாக ஏறியிருந்தன. 2002-இல் ஜெர்மனியில் 120 பேரை மேடையேற்றிப் பேச வைத்து, எல்லார் முன்னாலும் கணக்குப் போட வைத்தார்கள். 14 நாள் 3000 மி.கி. எடுத்தவர்களுக்கு ரத்த அழுத்தம் குறைவாகவே ஏறியது, கார்டிசால் சீக்கிரம் இறங்கியது. இவையெல்லாம் மருத்துவ இதழ்களில் வந்தவை. எப்படி ஒரேயடியாகத் தள்ள முடியும்?

மதுரை_சுரப்பி_மருத்துவர் | திங்கள், மதியம் 1:50

தள்ளவில்லை தம்பி. நீங்கள் சொன்ன இரண்டும் உண்மையான ஆய்வுகள். அவை எதைக் காட்டுகின்றன என்று பாருங்கள். வைட்டமின் சி எடுத்தவர்களுக்குக் கார்டிசால் குறைவாக ஏறியது அல்லது சீக்கிரம் இறங்கியது. கயலிடம் சொன்னது என்ன? கார்டிசால் சுரக்கவே தெம்பில்லை என்று. கார்டிசால் வற்றிவிட்டது என்று சொல்லி, கார்டிசாலை இறக்குகிற மாத்திரையை ஒரே மேசையில் வைத்து விற்கிறார்கள். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்று, ஓட்டக்காரரான நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. 2009-இல் ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோவின் குழு, நான்கு வாரம் உடற்பயிற்சி செய்த இளைஞர்களில் பாதிப்பேருக்குத் தினம் வைட்டமின் சி 1000 மி.கி.யும் ஈ 400 அலகும் கொடுத்தது. பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும் அல்லவா, அந்த நன்மை மாத்திரை எடுக்காதவர்களுக்கு வந்தது, எடுத்தவர்களுக்கு வரவில்லை. பயிற்சியின்போது தசையில் உண்டாகும் ஆக்சிஜன் பொறிகள் (சட்டென்று வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள்) வெறும் சேதம் மட்டுமல்ல, "இன்னும் பலப்படு" என்று உடம்புக்குப் போகிற சேதியும் அவைதான். அதையும் சேர்த்து அணைத்துவிடுகிறோம்.

ஓய்வு_உயிரியல்_ஆசிரியர் | திங்கள், மாலை 5:30

நல்ல விவாதம். இந்தச் சுரப்பிக்கும் ஆன்டிஆக்ஸிடன்டுக்கும் உள்ள உறவு ஒரு விற்பனைக்காரர் கட்டிய கதையல்ல என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன். வைட்டமின் சி முதலில் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டதே அட்ரினல் சுரப்பியிலிருந்துதான். 32 வருடம் பாடம் நடத்தினேன், ஒவ்வொரு வருடமும் இந்த இடத்துக்கு வரும்போது எனக்கே உற்சாகம் வந்துவிடும்.

1855-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் ஒரு நோயை விவரித்தார். உடல் நாளுக்கு நாள் தளரும், தோல் வெண்கலம் போலக் கறுக்கும், இறந்தபின் திறந்து பார்த்தால் அட்ரினல் சுரப்பிகள் அழிந்திருக்கும். எழுபது ஆண்டு கழித்து ஹங்கேரிக்காரர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி இதைப் பற்றி யோசித்தார். வெட்டி வைத்த வாழைப்பழமும் உருளைக்கிழங்கும் காற்றுப் பட்டுக் கறுக்கின்றன, எலுமிச்சை கறுப்பதில்லை, ஏன்? கறுக்காத காயில் ஆக்சிஜனைத் தடுக்கிற ஏதோ ஒரு பொருள் இருக்கிறது. அப்படியானால் அட்ரினல் சுரப்பியிலும் அதே பொருள் இருக்க வேண்டும், சுரப்பி அழிந்தால் அது இல்லாமல் போய் மனிதத் தோலும் கறுக்கிறது என்று ஊகித்தார். நம் வீட்டில் வாழைப்பூவை நறுக்கியதும் மோரில் போடுகிறோமே, அந்த அடுப்பங்கரைக் கேள்விதான்.

1928-இல் கேம்பிரிட்ஜில் மாட்டு அட்ரினல் சுரப்பியிலிருந்து அந்தப் பொருளைப் படிகமாக எடுத்தார். ஹெக்ஸுரோனிக் அமிலம் என்று பெயரிட்டார். அதுதான் வைட்டமின் சி. 1937-இல் நோபல் பரிசு.

தோல் கறுப்பதைப் பற்றிய அவருடைய ஊகம் மட்டும் தவறு. கார்டிசால் இல்லாதபோது பிட்யூட்டரி ஏசிடிஎச்சை வெள்ளமாக அனுப்புகிறது, அது தோலின் நிறமி செல்களையும் தூண்டிவிடுகிறது, அதனால் கறுக்கிறது. டாக்டர் தவறிருந்தால் திருத்த வேண்டும்.

மன அழுத்தப் பக்கத்தின் கதை 1936. கனடாவின் மான்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே எலிகளுக்கு எதைச் செய்தாலும், குளிரில் வைத்தாலும் நஞ்சைச் செலுத்தினாலும், மூன்று மாற்றங்களைக் கண்டார். அட்ரினல் பெருத்தது, நெஞ்சில் இருக்கும் தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பையில் புண். அவர் வகுத்த மூன்று கட்டங்களில் கடைசிக்கு "சோர்வுக் கட்டம்" என்று பெயர். வெல்னஸ் சென்டரின் "மூன்றாம் கட்டம்" எனக்கு அதைத்தான் நினைவூட்டியது. ஆனால் கடுமையான வதையில் மாண்ட எலியின் கதையை, இரவு வேலை பார்க்கும் பெண்ணின் களைப்புக்கு அப்படியே எடுத்து வைக்க முடியாது. எலி தன் கல்லீரலிலேயே வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளும், நம்மால் முடியாது.

மதுரை_சுரப்பி_மருத்துவர் | திங்கள், இரவு 8:05

திருத்த ஒன்றுமில்லை ஐயா. ஒரு சேர்க்கை மட்டும்.

கார்டிசால் தயாராகும் வேலையின் முக்கியப் படிகள் செல்லின் ஆற்றல் அறையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நடக்கின்றன. அப்போது எலக்ட்ரான் சிந்தும், ஆக்சிஜன் பொறி பறக்கும். அதனால்தான் சுரப்பி தன்னிடம் வைட்டமின் சி, ஈ, குளுட்டாதியோன் என்று ஆன்டிஆக்ஸிடன்டுகள் எல்லாவற்றையும் குவித்து வைத்திருக்கிறது. இந்தத் தற்காப்பில் பங்குள்ள என்என்டி என்ற மரபணு பழுதானால் குழந்தையிலேயே கார்டிசால் சுரப்பு நின்றுபோகும் என்று 2012-இல் கண்டுபிடித்தார்கள். ஆக, சுரப்பிக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் தேவையா என்றால், மிகவும் தேவை. ஆனால் அந்தக் குழந்தைகளுக்குக்கூட நாம் கொடுப்பது கார்டிசாலையே மருந்தாக்கிய ஹைட்ரோகார்ட்டிசோன்தான், ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை அல்ல.

மாத்திரையாக விழுங்கியது சுரப்பிக்குள் கூடுதலாகப் போய்ச் சேருமா என்றால், நாளுக்கு 200 மி.கி. வரும்போதே ரத்தத்தில் வைட்டமின் சி ஏறக்குறைய நிறைந்துவிடும். மேலே எடுப்பதில் பெரும்பகுதி சிறுநீரில் போகும். 100 கிராம் கொய்யாவிலேயே 200 மி.கி.க்கு அருகில் இருக்கிறது. வைட்டமின் ஈ 400 அலகு பற்றி ஒரு எச்சரிக்கை: அதே அளவை வருடக்கணக்கில் எடுத்த ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்ததை செலெக்ட் என்ற பெரிய ஆய்வு 2011-இல் காட்டியது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு பீட்டா கரோட்டின் என்ற இன்னொரு ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது, அது 1994. "இயற்கைப் பொருள்தானே, கெடுதல் என்ன" என்று கேட்பவர்களிடம் இந்த இரண்டையும்தான் நான் சொல்வேன்.

கருப்பட்டி | செவ்வாய், அதிகாலை 12:35

இவ்வளவு நாளாக வாசிப்பேன், எழுதியதில்லை. டாக்டர் கேட்ட கேள்விகளைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. அவை என் அக்காவைப் பற்றிய கேள்விகள்.

அக்காவுக்கு 44 வயது. இரண்டு வருடம் "களைப்பு, களைப்பு" என்றாள். மாமியாரைப் பார்த்துக்கொள்கிற அலுப்பு என்று நாங்கள் நினைத்தோம். போன இடத்திலெல்லாம் சத்து மாத்திரை கொடுத்தார்கள். 11 கிலோ இளைத்தாள். வெயிலில் போகிறாள், அதனால் கறுக்கிறாள் என்று அம்மா சொன்னாள். ஒரு நாள் சாப்பாடு போடும்போது அவள் கையைப் பார்த்தேன். உள்ளங்கை ரேகைகள் மை வைத்துக் கோடு போட்டது போல இருந்தன. உள்ளங்கையில் எங்கே வெயில் படும்? அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நாரத்தங்காய் ஊறுகாயின் துண்டை ஒதுக்கிவிட்டு, ஜாடியின் அடியில் படிந்த உப்பை விரலால் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவாள். சின்னப் பிள்ளை மாதிரி என்று கேலி செய்திருக்கிறோம். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

ஊர்க் கொடையன்று சாதாரண வயிற்றுப்போக்கு வந்தது. சாயங்காலம் மயங்கி விழுந்தாள். ரத்த அழுத்தம் 70, சோடியம் 118, இரண்டும் மிகக் குறைவு. நல்லவேளை, அன்று பணியில் இருந்த இளம் டாக்டர் அவள் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். பார்த்த உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. ஊசி போட்டார். மூன்று மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டாள். ஸ்கேனில் இரண்டு அட்ரினல் சுரப்பியும் கெட்டிருந்தன. காரணம் காசநோய். இருபது வருடத்துக்கு முன்பு நுரையீரலில் வந்து குணமானது என்று நினைத்திருந்தோம்.

இப்போது தினமும் மாத்திரை எடுக்கிறாள், நன்றாக இருக்கிறாள். கயல் அக்கா, உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. உள்ளங்கையை ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள்.

கயல்_திருப்பூர் | செவ்வாய், காலை 7:10

பார்த்தேன். கறுப்பு இல்லை, சொல்லப்போனால் வெளுத்திருக்கிறது. எடை குறையவில்லை, வாந்தி இல்லை, ஸ்டீராய்டு எடுத்ததில்லை. மாதவிடாய் ஒரு வருடமாக ஏழு, எட்டு நாள் போகிறது, கட்டி கட்டியாக. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உங்கள் அக்கா நல்லபடியாக இருப்பதைக் கேட்டு நிம்மதியாக இருக்கிறது. இதை எழுதியதற்கு நன்றி.

மதுரை_சுரப்பி_மருத்துவர் | செவ்வாய், காலை 7:45

கயல், வெளுத்த உள்ளங்கை, படியேறினால் மூச்சு வாங்குவது, எட்டு நாள் போக்கு. ரத்தசோகையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அருகில் உள்ள பொது மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), டிஎஸ்எச் (தைராய்டு சோதனை), சர்க்கரை, சோடியம், பொட்டாசியம் எல்லாம் சோதியுங்கள். மன நிறைவுக்காகக் காலை 8 மணி கார்டிசாலும் எடுக்கலாம். அது 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி பழுது என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை, 3-க்குக் கீழே என்றால் பழுது என்றே சந்தேகிப்போம். நடுவில் வந்தால் ஏசிடிஎச் ஊசி போட்டு, சுரப்பி எழுந்து பதில் சொல்கிறதா என்று பார்ப்போம். கருத்தடை மாத்திரை எடுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், கார்டிசால் அளவு பொய்யாக ஏறித் தெரியும். பயோட்டின் ஹார்மோன் சோதனைகளைக் குழப்பும், அதை உடனே நிறுத்துங்கள். சுரப்பிச் சாறு கேப்சூலையும் நிறுத்திவிட்டு, ஒரு வாரம் கழித்து ரத்தம் கொடுங்கள். 12 நாள்தான் ஆகிறது என்பதால் நிறுத்துவதில் பயமில்லை.

மருந்தாளுநர்_நெல்லை | செவ்வாய், இரவு 9:30

அந்தக் கேப்சூல் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் கடைகளில் விற்ற 12 "அட்ரினல் சப்போர்ட்" சத்துப் பொருட்களைச் சோதித்த ஆய்வு 2018-இல் வந்தது. பன்னிரண்டிலும் டி3 என்ற தைராய்டு ஹார்மோன் இருந்தது. ஏழில் ஸ்டீராய்டு வகை ஹார்மோன் ஒன்றாவது இருந்தது. சாப்பிட்ட சில நாளில் சுறுசுறுப்பு வந்ததாக யாராவது சொன்னால், எதனால் என்று யோசிக்க வேண்டும்.

நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய ஆபத்தைக் கவுண்டரில் நின்று தினமும் பார்க்கிறேன். மூட்டுவலிக்குப் பெயர் இல்லாத பொட்டலப் பொடி. "சாப்பிட்ட மறுநாளே நடந்தேன்" என்பார்கள். ஆறு மாதத்தில் முகம் உருண்டுவிடும், கை கால் குச்சியாகிவிடும். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி ஏசிடிஎச் அனுப்புவதை நிறுத்திவிடும், சுரப்பி சுருங்கிப்போகும். பொடி தீர்ந்த வாரத்தில் காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்து. பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு மாத்திரையை வருடக்கணக்கில் வாங்குபவர்களுக்கும் இதே கதிதான். தயவுசெய்து, மாதக்கணக்கில் எடுத்தவர்கள் தாங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் போய்ப் படிப்படியாகக் குறையுங்கள்.

சித்த_மருத்துவர்_பாளை | புதன், காலை 10:20

மருந்தாளுநர் சொன்ன பொட்டலப் பொடிக்கும் சித்த மருத்துவத்துக்கும் சம்பந்தமில்லை, எங்கள் பெயரைக் கெடுப்பதும் அதுதான்.

அமுக்கராவைப் (அஸ்வகந்தா) பற்றி யாராவது கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். 2012-இல் ஐதராபாத்தில் 64 பேரிடம் 60 நாள் அமுக்கரா வேர்ச்சாறு கொடுத்துப் பார்த்த ஆய்வில் மன அழுத்தமும் கார்டிசாலும் குறைந்தன. சிறிய ஆய்வுதான், ஆனால் மதிக்கத்தக்கது. அதுவும் கார்டிசாலை இறக்குவது. அட்ரினல் உண்மையிலேயே பழுதானவர்கள் தொடக்கூடாது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் எடுக்க வேண்டாம். கல்லீரல் பாதித்த நேர்வுகள் பதிவாகியிருக்கின்றன.

மாரத்தான்_கோவை | புதன், இரவு 7:00

ரிஸ்டோ ஆய்வைத் தேடிப் படித்தேன். பயிற்சிக் காலத்தில் மாத்திரையை நிறுத்திப் பார்க்கப் போகிறேன். போட்டிக்கு முந்தைய வாரம் மட்டும் எடுப்பதை இன்னும் விடத் தோன்றவில்லை, அதில் டாக்டரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

இரவுப்பணி_செவிலி | புதன், இரவு 7:40

வெளிச்சம் தாளத்தைக் கெடுக்கும் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பணி முடிந்து காலையில் தூங்கும்போது ஜன்னலில் கெட்டியான போர்வையைத் தொங்கவிட்டேன் டாக்டர். பிள்ளைகளை அம்மா வீட்டுக்கு அனுப்பி ஐந்து மணி நேரம் ஒரே தூக்கம். இரண்டு நாள்தான் ஆகிறது, ஆனால் வித்தியாசம் தெரிகிறது.

கயல்_திருப்பூர் | பதினோரு நாள் கழித்து, சனி, மாலை 6:15

ரிப்போர்ட் வந்துவிட்டது. காலை 8 மணி கார்டிசால் 16.4. சோடியம், பொட்டாசியம், தைராய்டு எல்லாம் சரி. ஹீமோகுளோபின் 8.9, ஃபெரிட்டின் 6, இரண்டும் குறைவு, ரத்தசோகைதான். ஸ்கேனில் கருப்பையில் ஒரு நார்க்கட்டி, சின்னதுதான், அதற்குத் தனியாக மருத்துவம் தொடங்கியிருக்கிறார்கள்.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். டீயை அதிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கச் சொன்னார் டாக்டர். கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளச் சொன்னார், அந்த வைட்டமின் சி இரும்பை உடம்பு ஈர்த்துக்கொள்ள உதவுமாம். ஆயிரம் மி.கி. மாத்திரை வேண்டாம் என்றார்.

இரவு ஃபோன் கால்களை வாரம் இரண்டாகக் குறைக்கச் சொல்லி மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன். "ஷிப்மென்ட் போகட்டும், பார்க்கலாம்" என்றிருக்கிறார்.

கருப்பட்டி, அக்கா எப்படி இருக்கிறார்?

கருப்பட்டி | சனி, இரவு 10:05

நன்றாக இருக்கிறாள். போன வாரம் காய்ச்சல் வந்தது, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி அன்றைக்கே மாத்திரையை இரண்டு மடங்காக எடுத்தாள், மூன்று நாளில் சரியாகிவிட்டது. ஊசி ஒன்று எப்போதும் ஃப்ரிட்ஜுக்கு மேலே டப்பாவில் இருக்கிறது, போடக் கற்றுக்கொண்டேன். உள்ளங்கை ரேகைகள் வெளுத்துக்கொண்டு வருகின்றன. ஊறுகாய் ஜாடியை அவள் பக்கத்திலேயே வைத்துவிடுகிறோம், ஆனால் இப்போதெல்லாம் தொடுவதில்லை.